மேட்டு நிலமும் கூட்டு முயற்சியும்

வேளாண்மை என்னும் சொல்லுக்கு உதவி, ஈகை என்னும் பொருள்களும் உண்டு. பயிர் விளைத்தலையும் பிறர்க்கு உதவுதலையும் ஒரே சொல்லால் குறித்த மொழி நம்முடையது. அப்பொருளை மறந்து, உழவைத் தனியொருவரின் இலாப நட்டக் கணக்காக மட்டும் நாம் காணத் தொடங்கியதே இன்றைய இடர்ப்பாடுகளுள் தலையாயது எனலாம்.

தருமபுரி மாவட்டத்து ஏரியூரை எண்ணிப் பார்ப்போம். மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு தொலைவில் இல்லை. எனினும் மேட்டு நிலங்கள் வானத்தையே நோக்கி நிற்கின்றன. இத்தகைய மானாவாரி நிலங்களில் நம் முன்னோர் கேழ்வரகின் ஊடே துவரையும் அவரையும் கடுகும் விதைத்தனர். மழை பொய்த்து ஒன்று கருகினாலும் மற்றொன்று பிழைக்கும். பயறினங்களின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கும். அறுவடைக்குப் பின் நிலத்தில் ஆட்டுக் கிடை அமர்த்துவர். ஆடு ஒருவருடையது, நிலம் மற்றொருவருடையது, பயனோ இருவர்க்கும் பொது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு வேளாண் சூழலியலுக்குரிய பத்துக் கூறுகளை 2018இல் வெளியிட்டது. பன்மை, மறுசுழற்சி ஆகியன அவற்றுள் அடங்கும். இவை நம் உழவர்க்குப் புதியன அல்ல.

பழமையைப் போற்றினால் பசி தீருமா என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. இலங்கை அரசு 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையால் தடை செய்தது. விளைச்சல் குன்றியது, உழவர் வீதிக்கு வந்தனர், அவ்வாண்டிலேயே தடையை விலக்க நேர்ந்தது. நஞ்சில்லா வேளாண்மை ஆணையால் வருவதன்று. மண் தேறச் சில ஆண்டுகள் வேண்டும். அதுவரை உழவரைத் தாங்க ஒரு கூட்டமைப்பு வேண்டும்.

அதற்குச் சான்று நம் மாவட்டத்திலேயே உண்டு. சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜி, லலிதா இருவரும் 1993இல் தொடங்கிய மருத்துவப் பணி, நாளடைவில் வயலையும் நாடியது. பழங்குடி உழவர் சங்கமாகத் திரண்டு இயற்கை வேளாண்மை மேற்கொண்டனர். விளைந்த சிறுதானியத்தைப் பக்குவப்படுத்திச் சேர்ந்தே விற்றனர். இயற்கை உழவு அங்கு நிலைத்ததற்கு அக்கூட்டுறவே காரணம் என்பது நம் துணிபு. தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் 2023இல் தொடங்கப்பெற்றதும் இவ்வழியில் ஒரு நற்படியே. வாங்குவோர் உறுதியாயின் விதைப்போர் தயங்கார்.

வான்மழையால் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கும், இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒரு பங்கும் வறியோர்க்கு உரியதென இஸ்லாம் வகுத்துள்ளது. உழவரின் செலவை எண்ணிப் பார்த்து, விளைச்சலில் சமுதாயத்தின் உரிமையையும் நிலைநாட்டிய நெறி இது. விளைச்சலில் பங்குடைய சமுதாயத்திற்கு உழவரின் துயரிலும் பங்கு உண்டன்றோ?

எனவே கல்லூரிகளுக்கும் கடமை உண்டு. மாணவர் விடுதிகள் வாரம் ஒருமுறையேனும் கேழ்வரகு உணவை வழங்கி, அத்தானியத்தை உழவர் குழுக்களிடமே நேரில் கொள்முதல் செய்யட்டும். ஊர்ப் பெரியோர் பொது நிலங்களில் ஏரி, குட்டைகளைத் தூர்வார முன்வரட்டும். தமிழ்த்துறை மாணவர் விடுமுறையில் ஏரியூர் போன்ற ஊர்களுக்குச் சென்று, விதைகளின் பெயர்களையும் உழவுச் சொற்களையும் முதியோரிடம் கேட்டுத் தொகுக்கட்டும். ஒரு விதை அழியுங்கால் அதன் பெயரும், அதை விளைவித்த அறிவும் உடன் அழிகின்றன. அப்பெயர்களைச் சொல்லவல்ல முதியோர் நம்மிடையே வாழும்போதே இப்பணியைத் தொடங்குவோமாக.