காரும் கள்வரும்

கார் என்னுஞ் சொல் நமக்குப் புதியதன்று. கருமைக்கு அது பெயர், மேகத்துக்குப் பெயர், மழைக்காலத்துக்குப் பெயர். நெல்லிலும் ஒரு கார் உண்டு. முல்லைத்திணைத் தலைவன் வினைமுடித்து மீளும் பருவமும் காரே. ஆங்கிலத்திலிருந்து வந்த கார் இந்தக் கூட்டத்திலே புகுந்தபோது நம் மொழி அதனை வேற்றாளாக நடத்தவில்லை. 'மகிழுந்து' என்று பெயரிட்டுப் பார்த்தோரும் உளர். அளவெட்டியில் எவரும் மகிழுந்தில் ஏறியதாக நான் கேட்டதில்லை. காரிலேயே ஏறுகின்றார்கள்.

அந்தக் காரிலும் பழைய காரைப் பற்றியே இங்கே சொல்லப் புகுகின்றேன். அதனை இராப்பயணத்திற் கொண்டுசென்று, வேற்றூரில் நிறுத்திவைத்து, விடியுமுன் இழந்துவிடாமற் காப்பது எப்படி என்பதே பொருள். இது தமிழ் படித்தவன் பேசத்தக்க பொருளா என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். வைகாசி வந்தால், கேட்டவரே அந்தக் காரில் ஓரிடம் உண்டோ என்று விசாரித்து வருவர்.

யாழ்ப்பாணத்துப் பழைய கார் வேடிக்கைப் பொருளன்று. 1952 முதல் 1954 வரை இங்கிலாந்திலே செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ-40 சோமசெற், 1948 இல் முதன்முதல் வெளிவந்த மொறிஸ் மைனர், பின்வந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் என்பன இங்கே வீட்டுக் கார்களாயும் வாடகைக் கார்களாயும் ஓடித் தேய்ந்தவை. 1990 இல் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பெற்றோல் வராமல் தடுக்கப்பட்டபோது, இவை தம் பெருமையைக் காட்டின. சிறிது பெற்றோலை ஊற்றி உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகையும் நாற்றமும் சொல்லுந்தரமல்ல. ஆயினும், பிள்ளைப்பேற்றுக்குப் போன தாய்மாரும், காய்ச்சலிற் கிடந்த குழந்தைகளும், மணமக்களும் அந்தப் புகையின் நடுவேதான் போய்வந்தார்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இரவோடிரவாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. அன்று எம்மூரிலிருந்து போன கார்களும் உள. முற்றத்தில் விடப்பட்டவையும் உள. விடப்பட்டவற்றுட் பல, அடுத்த ஆண்டு மக்கள் மீண்டபோது கூடாக நின்றன. சிலவற்றின் கூடுந்தானும் இல்லை.

எஞ்சியவற்றுக்கு வேறொரு காலம் வந்தது. 2002 இல் ஏ-9 வீதி திறந்தபின், தெற்கிலிருந்து பழங்கார் விரும்புவோர் வந்தனர். நல்ல விலை சொன்னார்கள், பலர் விற்றார்கள். விற்றவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வீட்டுக்கூரை போட வேண்டியிருந்தவனுக்கு முற்றத்துக் கார் ஓர் ஓடு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழையதற்கு இன்னும் மதிப்பேறிற்று. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் தொடங்கியது உண்மை. ஆனால், சோமசெற்றை இனி எந்தக் கப்பலும் கொண்டுவரப்போவதில்லை. காரின் விலை இப்படியிருக்க, அதன் முன்விளக்குக்கும் சில்லுமூடிக்கும் நெற்றிச் சின்னத்துக்கும் தனித்தனி விலையுண்டு. ஆகவே, கள்வன் காரைக் கொண்டுபோக வேண்டுமென்பதில்லை. காரிலிருந்து கொண்டுபோனாலும் அவனுக்குப் போதும்.

இனி இராப்பயணம். நம்மவர் இராத்தங்கி வருகின்ற பயணங்களுட் பல கோயிற் பயணங்களே. நயினாதீவுக்குப் போவோர் காரைக் குறிகட்டுவான் துறையிலே விட்டுவிட்டுப் படகேறுகின்றனர். அம்பாளின் கடலைக் கார் கடப்பதில்லை. திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரியோ கண்விழிப்பதற்கென்றே அமைந்த இரவு. இவை எல்லாவற்றினும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வற்றாப்பளைப் பொங்கல். பரந்தனில் திரும்பி, புதுக்குடியிருப்பைக் கடந்து, முல்லைத்தீவுப் பக்கத்தில் நந்திக்கடலோரம் இருக்கின்றது கண்ணகியம்மன் கோயில். வைகாசியில் பூரணையை அண்டி வரும் அந்தப் பொங்கல் இராமுழுவதும் நடப்பது. சனத்துக்கு அளவில்லை. நிலவு உண்டு, ஆனால் நாம் கார் நிறுத்தும் மரத்தடியில் நிலவு இல்லை.

கண்ணகி கோயில் என்றதும் களவு நினைவுக்கு வருதல் இயல்பே. கோவலன் உயிரிழந்தது களவுப் பழியினால். சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையைப் படித்தவர் அறிவர்: கொல்ல வந்த காவலர் கோவலனைக் கண்டதும் தயங்கினர். கள்வனுக்குரிய குறி இவனிடம் இல்லையே என்றனர். அப்போது பொற்கொல்லன் நகைத்து, கள்வருக்குத் துணையாவன எட்டு என்று கூறி ஒவ்வொன்றையும் விரித்தான். அந்த எட்டினுள் மந்திரம், மருந்து முதலியவற்றை விட்டுவிடுவோம். இறுதியில் நிற்கும் மூன்று இடம், காலம், கருவி. இந்த மூன்றும் இன்றைக்கும் அப்படியே பொருந்துகின்றன. சனநெரிசலின் விளிம்பிலே இருள்சூழ்ந்த மணற்றிடல் இடம். பொங்கற்பானை பொங்கி வழிய, எல்லாருடைய கண்ணும் கோயிலை நோக்கியிருக்கும் அந்த நாழிகை காலம். ஒரு குறடும் ஒரு ரோச் விளக்கும் கருவி. களவுநூல் முழுதுங் கற்றவன் போலல்லவா அந்தப் பொற்கொல்லன் பேசினான்! கற்றவன்தான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே.

இங்கேதான் என் மனத்தை நெடுநாளாக உறுத்துகின்ற செய்தி கிடக்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் வீதியிலே இரவு நிறுத்தியிருந்த மொறிஸ் மைனர் ஒன்றின் முன்விளக்குகளும் சில்லுமூடிகளும் விடியுமுன் போயின. உடையவர் வந்தார், பதறினார், கூச்சலிட்டார். கார் நின்ற மரத்தின் மறுபுறத்திலே கச்சான் விற்ற ஒரு பையன் படுத்திருந்தான். இரவு முழுதும் விற்றுக் களைத்துச் சாக்கை விரித்துக் கிடந்தவன். அவனைப் பிடித்தார்கள். அடித்தார்கள். கச்சான் மணலிற் சிந்தியது. சாக்கைக் கொட்டிப் பார்த்தார்கள், விளக்கு இல்லை. "இவன் கூட்டாளியிட்டைக் குடுத்திட்டான்" என்றார் ஒருவர். அவ்வளவில் வழக்குத் தீர்ந்தது. நான் அருகே சென்று, "பொடியன் ஓடிப்போகாமல் ஏன் இங்கே நித்திரை கொள்ளுகிறான்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி சிலரைத் தயங்கச் செய்தது, பையனை விட்டார்கள். பொருள் இன்றுவரை கிடைத்ததாக அறியேன். உடையவரோ, காரின் கதவைப் பூட்டியதுதவிர வேறெந்தக் காவலுஞ் செய்யாதவர். விளக்குப் போனது அவருக்கு நட்டம். அடி விழுந்தது பையனுக்கு. காவலில்லாமல் விலையுயர்ந்த பொருளை வெளியில் விடுபவர், பழிக்கு ஓர் ஏழையைத் தேடி வைத்துவிட்டுப் போகின்றார் என்பதே என் கட்சி.

பூட்டு இருக்கின்றதே என்பார்கள். அந்தக் காலத்து ஆங்கிலக் காரின் பூட்டைப் பூட்டென்பது உபசாரவழக்கு. சாவியின் வகைகள் மிகச் சில. பல கார்களிற் சாவியின் இலக்கம் பூட்டின் முகத்திலேயே பொறித்திருக்கும். ஸ்ரியறிங்கைப் பிணிக்கும் பூட்டு அவற்றில் இல்லை. நால்வர் தள்ளினாற் கார் நகரும்.

முன்னாளில் இந்தக் குறை தெரியவில்லை. காரணம், காருடன் ஒருவன் இருந்தான். சங்கச் செய்யுட்களிலே தலைவன் தேரைத் தனியே விட்டுச் சென்றதாக எங்கே கண்டோம்? தலைவன் இறங்குவான், பாகன் இறங்கான். குதிரைக்கும் தேருக்கும் அவன் காவல். நம் நாட்டு வாடகைக் கார்களிலும் அந்த மரபே நிலவியது. எம்மூர் தவிலுக்கும் நாதசுரத்துக்கும் பேர்போனது. தட்சிணாமூர்த்தியும் பத்மநாதனும் வாழ்ந்து புகழ்கொண்ட மண். பூங்காவனத்துக்கும் சப்பறத்துக்கும் இரவிரவாக வாசிக்கப்போகும் குழுவினர் காரிலே போவார்கள். மேளம் கோயிலுக்குள், சாரதி காருக்குள். முன்னாசனத்திற் காலை மடக்கி, கதவுக் கண்ணாடியை இரண்டு விரலளவு இறக்கிவைத்துக்கொண்டு உறங்குவார். மல்லாரி கேளாமல் உறங்கியவர் என்று அவரை எவரும் எள்ளியதில்லை.

இன்று உடையவரே ஓட்டுகின்றார். தலைவனும் அவரே, பாகனும் அவரே. கோயிலுக்குள்ளே தலைவன் போகும்போது பாகனும் கூடவே போய்விடுகின்றான். தேர் தனித்து நிற்கின்றது. கேடு புகுந்த வாயில் இது. இதற்கு ஒரே பரிகாரம், போகின்ற ஐவருள் ஒருவர் மாறி மாறிப் பாகனாதல். ஒரு யாமம் ஒருவர். அம்மனைக் காண எல்லாருக்கும் நேரமுண்டு, இரவு நீண்டது. 2022 இல் பெற்றோலுக்கு இரவுபகலாக வரிசையில் நின்றபோது எத்தனையோ பேர் காருக்குள்ளேயே உறங்கினோம். பெற்றோலுக்காக உறங்கிய நாம் காருக்காக ஒரு யாமம் விழித்திருத்தல் அரிதன்று.

பாகன் இருந்தாலும் காரை அசையாதபடி செய்துவைத்தல் நன்று. எம்மூர்ப் பழைய சாரதி ஒருவர் காரை நிறுத்தியதும் மூடியைத் திறப்பார். டிஸ்ரிபியூற்றரின் தொப்பியைக் கழற்றுவார். உள்ளிருக்கும் றோற்றர் என்னுஞ் சிறு துண்டை எடுப்பார். பெருவிரலளவுதான். அது இல்லாமல் எஞ்சினில் மின்பொறி பிறவாது. "பண்டிதர், இதைக் கொஞ்சம் மடியிலை வைச்சிருங்கோ" என்று என்னிடம் தந்ததும் உண்டு. வேட்டித் தலைப்பில் முடிந்துகொண்டு நான் பொங்கல் பார்த்தேன். இது அவர் கண்டுபிடித்த வித்தையன்று. 1940 இல் செர்மானியர் படையெடுப்பர் என்று அஞ்சிய பிரித்தானியாவில், ஆளில்லாமல் விடும் வண்டியை ஓடாதபடி செய்துவிட்டே போகவேண்டும் என்று ஆணையிருந்தது. றோற்றரைக் கழற்றியெடுப்பது அங்கே வழக்கமாயிற்று. ஒரு படையைத் தடுக்க எண்ணிய உபாயம் ஒரு கள்வனுக்குப் போதும்.

தள்ளிக்கொண்டு போவோருக்கு வேறு வழி செய்யவேண்டும். முன்சில்லுகளை ஒருபுறம் முற்றாகத் திருப்பி, ஸ்ரியறிங் வளையத்தையும் பிறேக் மிதியையும் தடித்த சங்கிலியாற் சேர்த்துப் பூட்டினால், தள்ளுவோர் வட்டமிட வேண்டியதுதான். காரின் முகம் மரத்தையோ மதிலையோ பார்க்க நிற்கட்டும்.

இக்காலத்து இளைஞர் வேறு கருவிகளை நம்புகின்றனர். தொட்டால் அலறுங் கருவி ஒன்றை ஒருவர் பூட்டியிருந்தார். கோயிலில் மேளம் முழங்குந்தோறும் கார் அலறியது. முதன்முறை பத்துப்பேர் ஓடினர். பிறகு எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கார் எங்கே நிற்கின்றதென்று கைப்பேசியிற் காட்டுங் கருவி நல்லது. நான் அதற்குப் பகைவனல்லன். ஆனால், அதைப் பூட்டுபவர் ஒன்றை அறிதல் வேண்டும். பழைய ஆங்கிலக் கார்கள் பலவற்றில் பற்றறியின் நேர்முனை உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். இக்காலக் கார்களில் எதிர்முனை. இதனை அறியாமல் இணைத்தால் கருவி எரிந்துபோகும். கராச்சில் முதியவர் ஒருவர் இருந்தால் அவரைக் கேட்டுச் செய்க.

பலர் எண்ணிப்பாராத இன்னொன்று உண்டு. போர்க்காலத்திலே பழுதான எஞ்சினைக் கழற்றி, வேறொரு காரின் எஞ்சினைப் பூட்டி ஓட்டியோர் உளர். பதிவுப் புத்தகத்திலோ பழைய இலக்கமே கிடக்கின்றது. அந்தக் கார் களவுபோய்ப் பொலிசாரிடம் அகப்பட்டாலும், "இது என்னுடையது" என்று நிறுவ உடையவரால் இயலாது. தம் பொருளுக்குத் தாமே அந்நியராகி நிற்பார். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் இதனைத் திருத்துதல் பயணத்துக்கு முன் செய்யவேண்டிய வேலை. புத்தகத்தை வீட்டிலே வைத்து, எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் எழுதி, காரை நாற்புறமும் படமெடுத்து வைத்துக்கொள்க.

இத்தனை தொல்லை எதற்கு, காரைக் கொட்டிலிலேயே நிறுத்திவிடலாமே என்று சொல்வோரை நான் ஏற்கமாட்டேன். பூட்டிய பெட்டிக்குள் இருந்த ஏடுகளைச் செல் தின்றது. சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை தேடியெடுத்து அச்சேற்றியிராவிட்டால், 1887 இற் கலித்தொகை நூலாக வந்திராது. ஓடாத காரைத் துரு தின்னும். எலி இருக்கையைத் தின்னும். அது வைகாசியில் வற்றாப்பளைக்குப் போகட்டும்.

இன்னுமொன்று. றோற்றர் யாருடைய மடியில் இருக்கின்றது என்பதைக் குழுவில் இருவராவது அறிந்திருக்கவேண்டும். அதை முடிந்துகொண்டவர், உறவினரைக் கண்ட மகிழ்ச்சியில் வேறொரு வாகனத்தில் ஏறி முல்லைத்தீவுக்குப் போய்விட்டால், மற்ற நால்வரும் பேருந்துக்கு நிற்க வேண்டியதுதான்.