பீரோச் சாவியும் பேத்தியின் பலகையும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி பள்ளிக் கண்காட்சிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றாள். எங்கள் வீட்டில் மாடித் தொட்டி நிரம்பி வழிவது தினசரிக் கதை. மோட்டாரைப் போட்டுவிட்டு நான்தான் மறந்துபோவேன். "தொட்டி நிறைஞ்சா சத்தம் போடுற மாதிரி ஒண்ணு செய்யட்டுமா ஆச்சி?" என்று கேட்டாள். மாப்பிள்ளை, "எதுக்கு மெனக்கெடணும்? கடையிலேயே செஞ்சு ரெடியா விக்கிறாங்க, வாங்கிடலாம்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

அவள் வாங்கச் சொன்னது ஆர்டுயினோ என்ற சின்னப் பலகை. உள்ளங்கை அளவுதான். அதோடு ஒலியை அனுப்பித் தூரம் அளக்கும் ஓர் உணரி, ஒரு பிரெட்போர்டு, கொஞ்சம் வயர், ஒரு பஸ்ஸர். பிரெட்போர்டில் பற்றவைக்க வேண்டியதே இல்லை. துளையில் வயரைச் செருகலாம், தப்பானால் பிடுங்கி வேறு துளையில் செருகலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இந்தப் பலகை பிறந்த கதையைத் தேடிப் படித்தேன். இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் ஒரு வடிவமைப்புக் கல்வி நிறுவனம் இருந்தது. அங்கே படித்தவர்கள் பலரும் மின்னணுவியல் பொறியாளர்கள் அல்லர். அப்போது கிடைத்த பலகைகள் அவர்களுக்கு விலையும் அதிகம், புரியவும் சிரமம். அதனால் 2005இல் மாசிமோ பான்சி, டேவிட் குவார்த்தியெல்லெஸ் முதலானோர் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். அதற்கு முன்பே அங்கே மாணவராக இருந்த எர்னாண்டோ பர்ரகான் செய்த 'வயரிங்' என்ற பலகைதான் இதற்கு அடித்தளம். அவர்கள் கூடிப் பேசும் மதுக்கடைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அரசர் பெயர். அதையே பலகைக்கும் வைத்துவிட்டார்கள்!

இதன் வரைபடத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்துச் செய்யலாம், மாற்றலாம், விற்கலாம். ஆர்டுயினோ என்ற பெயர் மட்டும் அவர்களுடையது. இதைத்தான் திறந்த மூல வன்பொருள் என்கிறார்கள். அதே வரைபடத்தைப் பார்த்துப் பலரும் செய்து விற்பதால்தான் பேத்திக்கு எல்லாம் சேர்த்தே ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

முதல் சோதனை குளியலறை வாளியில். தண்ணீர் 40 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது, கணினித் திரையில் 80 என்று வருகிறது. உணரி கெட்டுவிட்டது என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் ஸ்கேலை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மூன்று முறை அளந்தாள். ஒவ்வொரு முறையும் சரியாக இரண்டு மடங்கு. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆச்சி, சத்தம் போயிட்டுத் திரும்பி வருதுல்லா! நான் ரெண்டால வகுக்கவே இல்லை" என்று கத்தினாள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன்! எதிரொலி பாடத்தில் ஏன் இரண்டால் வகுக்கிறோம் என்று ஒரு குழந்தை தானே கண்டுபிடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாம் சோதனை மாடித் தொட்டியில். மூடிக்கு அடியில் உணரியைக் கட்டினோம். நாலு நாள் ஒழுங்காக வேலை செய்தது. ஐந்தாம் நாள் நடுராத்திரியில் பஸ்ஸர் அலறியது. தொட்டியோ பாதிதான் இருந்தது. மூடியைத் திறந்தால் உணரியின் வாயெல்லாம் நீர்த்துளி. மூடிய தொட்டிக்குள் ஈரம் படியும் என்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை.

மூன்றாவதாகத் தண்ணீர் ஏறினால் மேலே எழும்பும் மிதவைச் சுவிட்சை மாட்டினாள். அது சரியாக வேலை செய்தது. அப்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். "ஆச்சி, மிதவைன்னா ஆர்டுயினோவே வேண்டாமே? பேட்டரியும் பஸ்ஸரும் போதுமே?" உண்மைதான். பலகையைக் கழற்றிவிட்டோம். இன்று எங்கள் அடுக்களையில் இருப்பது மிதவை, வயர், பேட்டரி, பஸ்ஸர் மட்டும்தான். தொட்டி வழிவது நின்றுவிட்டது.

அப்படியானால் அந்தப் பலகைக்குச் செலவழித்தது வீணா என்று மாப்பிள்ளை கேட்டார். இல்லை என்பதே என் கருத்து. எது வேண்டாம் என்று தெரிந்துகொள்ளத்தான் முன்மாதிரி செய்து பார்க்கிறோம். கடையில் வாங்கியிருந்தால் அந்தக் கேள்வி அவள் வாயில் வந்திருக்காது. கழற்றிய பலகையை இப்போது மல்லிகைத் தொட்டியில் மண் ஈரம் பார்க்க வைத்திருக்கிறாள். அதுவும் இன்னும் சரியாக வரவில்லை. வரட்டும்.

இனி அந்தக் காரணம். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரும்பலகைத் திட்டத்தில் எங்கள் பள்ளிக்கு அறிவியல் பெட்டி ஒன்று வந்தது. பொறுப்பு என்னிடம். உடைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் வந்து, "டீச்சர், அந்த மின்சார மணியை ஒரு தடவை கழட்டிப் பாத்துட்டு மாட்டிடுறேன்" என்று கெஞ்சுவான். ஒருநாள் எல்லோர் முன்னாலும் திட்டி அனுப்பினேன். அதன் பிறகு அவன் கேட்கவே இல்லை. ஓய்வு பெறும்போது பொறுப்பை ஒப்படைக்கப் பீரோவைத் திறந்தேன். பதிவேட்டில் உள்ளபடி எல்லாம் இருந்தன. ஒன்றுகூட உடையவில்லை. மணி முழுக்கத் துருவேறிக் கிடந்தது. எண்ணிக்கை சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பையன் இதைப் படிக்கிறானோ இல்லையோ தெரியாது. படித்தால், தம்பி, தப்பு என்னுடையது.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள். மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்குத் தேர்வான பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை தந்திருக்கிறார்கள். 6 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது அது. அதில் ஆர்டுயினோவும் வருகிறது. பூட்டி வைக்காதீர்கள். பிள்ளை கையில் பலகை ஒன்று கருகினால் போகட்டும், கணக்கு எழுதிக்கொள்ளலாம். அதிகாரிகளாக இருப்பவர்கள், அப்படி எழுத ஆசிரியருக்குப் பயமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சிக்கு நடுவராகப் போகிறவர்களுக்கு ஒன்று. நானும் நடுவராக இருந்து பளபளப்பானதற்கே பரிசு கொடுத்தவள்தான். இனி பிள்ளையிடம், "இது எங்கே சொதப்பியது? என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். கடையில் வாங்கி வந்த பிள்ளையிடம் அதற்குப் பதில் இருக்காது.

பெற்றோருக்கும் ஒரு எச்சரிக்கை. யு.எஸ்.பி.யில் வரும் 5 வோல்ட்டோடு பிள்ளைகள் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடட்டும். மோட்டாருக்குப் போகும் 230 வோல்ட் பக்கம் கை வைக்கவே கூடாது. அது எலக்ட்ரீஷியன் வேலை.

கண்காட்சியில் பேத்திக்குப் பரிசு கிடைக்கவில்லை. "ஒரு மிதவை, ஒரு பஸ்ஸர், அவ்வளவுதானா?" என்று கேட்டார்களாம். வந்து சொல்லிவிட்டு, பையைக்கூட வைக்காமல் மல்லிகைத் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் செய்து சொதப்பியதையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்