சிறுவர் கிரிக்கெட்டில் கம்பி வைத்த ஹெல்மெட் தேவையா?

தென்காசி வட்டாரத்தில் பண்பொழி, செங்கோட்டை என்று எந்த ஊருக்குப் போனாலும், அறுவடை முடிந்த வயலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்க்கலாம். டென்னிஸ் பந்தில் ஆடும்வரை வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை. அதன் எடை 60 கிராமுக்கும் குறைவுதான். பள்ளி அணி, டோர்னமெண்ட் என்று போனால் ஸ்டிச் பால் வந்துவிடுகிறது. அது சுமார் 160 கிராம். கல் மாதிரி இருக்கும். அங்கேதான் கேள்வி தொடங்குகிறது. முகத்துக்குக் கம்பி வைத்த ஹெல்மெட் கட்டாயமா, வீண் செலவா?

"அந்தக் காலத்துல நாங்க ஹெல்மெட்டா போட்டு ஆடினோம்?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. அந்தக் காலத்திலும் அடி விழத்தான் செய்தது. 1962-ல் இந்திய கேப்டன் நாரி கான்ட்ராக்டருக்கு பார்படாஸில் பந்து தலையில் பட்டு மண்டை ஓடு உடைந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் அதன் பிறகு டெஸ்ட் ஆடவில்லை. 1998-ல் டாக்காவில் நடந்த ஒரு கிளப் போட்டியில் ராமன் லம்பா ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்றார். பேட்ஸ்மேன் அடித்த பந்து தலையில் பட்டு, மூன்று நாளில் இறந்துபோனார். 2000-ல் விக்கெட் கீப்பர் சபா கரீமுக்குக் கண்ணில் அடிபட்டது. இவர்கள் எல்லாம் இந்தியாவுக்கே ஆடியவர்கள்! பன்னிரண்டு வயதுப் பையன் எம்மாத்திரம்?

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, பெரியவர்கள் ஆடும் பிட்ச்சைக் கடக்க ஒரு வினாடிகூட ஆகாது. வயலில் போட்ட பிட்ச்சில் அது எகிறுமா, தாழ்ந்து வருமா என்று யாருக்கும் தெரியாது. பல்லும் மூக்கும் கண்ணும் தப்பிக்க அந்தக் கம்பி ஒன்றுதான் வழி.

சரி, மறுபக்கத்தையும் பார்ப்போம்.

முதலாவது, ஹெல்மெட் போட்டால் ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு. 2014-ல் சிட்னியில் பிலிப் ஹியூஸ் ஹெல்மெட் அணிந்துதான் ஆடினார். பந்து ஹெல்மெட் மறைக்காத கழுத்தில் பட்டது. இரண்டு நாளில் இறந்தார். ஹெல்மெட் இருக்கிறது என்பதற்காகப் பந்திலிருந்து கண்ணை எடுக்கும் பையனுக்கு ஆபத்து அதிகம்தான்.

இரண்டாவது, அளவு. பல அணிகளில் கிட் பேக்கில் இருப்பதே ஒன்றிரண்டு ஹெல்மெட்தான். அதுவும் பெரியவர்கள் அளவு. சிறுவன் தலையில் அது ஆடும், கண்ணை மறைக்கும். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஜூனியர் பந்து சற்றுச் சிறியது. அதனால் 2013-ல் வந்த பிரிட்டிஷ் தர விதி, முகக் கம்பியைப் பெரியவர்கள் பந்துக்கும் ஜூனியர் பந்துக்கும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்கிறது. பெரிய பந்தைத் தடுக்கும் இடைவெளியில் சின்னப் பந்து நுழைந்துவிடலாம்! வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், எந்தப் பந்துக்குச் சோதித்தது என்ற லேபிளையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வியர்வை, புழுக்கம், கண்ணுக்கு முன்னால் கம்பி. இவை உண்மைதான். ஆனால் பழகினால் சரியாகிவிடும். மேட்ச் அன்று மட்டும் மாட்டாமல் பயிற்சியிலும் போட்டுப் பழக வேண்டும்.

இரண்டையும் எடை போட்டால் நன்மைதான் கனமாக இருக்கிறது. குறைகளில் பெரும்பாலானவை ஹெல்மெட்டின் குறைகள் அல்ல, பொருந்தாத ஹெல்மெட்டின் குறைகள். அதற்காக மைதானத்தில் நிற்கும் பதினொரு பேரும் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. பேட்ஸ்மேனுக்கும், ஸ்டம்புக்கு அருகில் நிற்கும் கீப்பருக்கும் கட்டாயம் வேண்டும்.

ஷார்ட் லெக்? அங்கே சிறுவர்களை நிறுத்தவே கூடாது. இங்கிலாந்தில் 13 வயதுக்குட்பட்டோர் நடு ஸ்டம்பிலிருந்து 10 மீட்டருக்குள் ஃபீல்டிங் நிற்கக் கூடாது என்று விதி உண்டு. ஆஃப் சைடில் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பதற்கு மட்டும் விலக்கு. இந்த விதியைப் பின்பற்ற ஒரு பைசா செலவில்லை!

எனவே நன்கொடை வசூலித்துக் கிட் வாங்கும் அணிகள், இன்னொரு விலை உயர்ந்த பேட்டுக்கு முன்னால் சிறுவர் அளவில் இரண்டு நல்ல ஹெல்மெட் வாங்கட்டும். பேட் உடைந்தால் வேறு வாங்கலாம். கண் போனால்?