பளிச்சுன்னு இருக்கணுமா?

தென்காசிப் பக்கம் யார் புது வீடு கட்டினாலும் பெயிண்டரிடம் சொல்வது ஒன்றுதான்: "அண்ணாச்சி, பளிச்சுன்னு இருக்கணும்." அவர் என்ன செய்வார், பாவம்! கிளிப்பச்சையை நாலு சுவரிலும் அடித்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அதற்குள் உட்கார்ந்து சாப்பிடுவதும் தூங்குவதும் நம் பாடு.

எனக்குப் பச்சை மேல் பகை கிடையாது. இந்த 'பளிச்' மேல்தான் பகை.

சாரல் சமயத்தில் குற்றாலம் மலையைப் பாருங்கள். எங்காவது கிளிப்பச்சை தெரிகிறதா? மேகம் இறங்கி, கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் பழுப்பு கலந்து அடங்கிப்போன பச்சை. இதைப் பார்க்கத்தான் ஊர் ஊராக வேன் பிடித்து வருகிறார்கள். நாமோ அதை ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு, உள்ளே பிளாஸ்டிக் குடத்தின் நிறத்தைக் கொண்டுவந்து வைக்கிறோம்.

அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு ஊர் திரும்புகிறவர்களில் எத்தனை பேர் சித்திர சபைக்குள் போயிருப்பார்கள்? நடராஜரின் ஐந்து சபைகளில் ஓவியத்துக்கென்றே அமைந்த சபை அது. இயற்கை வண்ணத்தில் தீட்டிய சுவர்கள். மணிக்கணக்காக நின்று பார்த்தாலும் கண் கூசாது. சித்தன்னவாசலில் 9-ம் நூற்றாண்டுத் தாமரைக் குளத்துக்குப் பச்சை கொடுத்தது, பச்சை மண். மண்ணிலிருந்து வந்த பச்சை கத்தாது.

"மங்கலா அடிச்சா ஆஸ்பத்திரி மாதிரில்லா இருக்கும்?" என்பார்கள். ஆஸ்பத்திரிக்கு அது ஏன் வந்தது? 1914-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர், வெள்ளைச் சுவரின் கூச்சத்தில் கண் தடுமாறுகிறது என்று ஆபரேஷன் அறைக்குக் கீரைப்பச்சை அடித்தார். கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வந்த நிறம் அது. நாள் பூரா கடையிலும் வயலிலும் வெயில் தின்றுவிட்டு வருகிறவனுக்கு அந்த ஓய்வு வேண்டாமா?

இன்னும் சிலர், "பச்சைன்னா அந்தக் கட்சி, இந்த மதம்" என்று இழுப்பார்கள். சுவருக்குக் கொள்கை கிடையாது ஐயா!

கடைக்காரர் நீட்டும் ஷேடு கார்டையும் அப்படியே நம்பாதீர்கள். அதில் இருப்பது விரலகலத் துண்டு. அதே நிறத்தை நாலு சுவரிலும் அடித்தால், ஒரு சுவர் இன்னொன்றில் எதிரொளித்து இன்னும் அழுத்தமாகத் தெரியும். கார்டில் "சப்புன்னு இருக்கே" என்று தோன்றுவதுதான் பெரும்பாலும் சுவரில் சரியாக வரும். சின்ன டப்பா வாங்கி, 2 அடிக்கு 2 அடி, ரெண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, ராத்திரி லைட்டில் ஒரு தடவை பாருங்கள். சிவப்பு ஆக்ஸைடு தரை உள்ள வீட்டில் பச்சை தூக்கலாகத் தெரியும். இன்னும் ஒரு படி மங்கலாகப் போங்கள். ஈரம் காயாத சுவரில் எந்தப் பச்சையும் நிற்காது. சாரலில் அவசரப்பட்டு அடித்தால் கொப்புளம்தான்.

'பளிச்'சுக்கு வேறு விலையும் கொடுத்திருக்கிறோம். பழைய பளீர் பச்சை, மஞ்சள் எனாமல்களில் காரீயம் கலப்பது சகஜமாக இருந்தது. பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டதே 2016-ல்தான். அதற்கு முந்தின பெயிண்ட் இன்னும் எத்தனையோ கதவிலும் ஜன்னலிலும் இருக்கிறது. உப்புத்தாள் போட்டு வறட்டு வறட்டென்று தேய்க்கும்போது பறக்கிற தூள், தவழ்கிற பிள்ளையின் கை வழியாக வாய்க்குப் போகிறது. தேய்க்கும் நாளில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.

யாருக்காக அடிக்கிறோம் என்பதையும் யோசியுங்கள். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். நடமாட முடியாமல் கட்டிலில் கிடக்கிற ஆச்சிதான் விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போகிறாள். என்ன நிறம் வேண்டும் என்று அவளை எந்த வீட்டில் கேட்டிருக்கிறோம்?