கெம்பு ஒன்றும் கெட்டுப்போன சிவப்பு அல்ல

எங்கள் முக்கூடல் வாட்ஸப் குழுவில் மாதம் ஒரு தடவையாவது இந்தச் செய்தி வந்துவிடும். கன்னடம், தெலுங்கு, மலையாளம் எல்லாம் கெட்டுப்போன தமிழாம். அத்தாட்சி? நாம் செந்தாமரை என்கிறோம், கன்னடர் கெந்தாவரெ என்கிறார்கள். நமக்குச் சிவப்பு, அவர்களுக்குக் கெம்பு. 'நாக்கு புரளாமல் நம்ம சொல்லைக் கெடுத்துட்டாங்க' என்று தீர்ப்பு. கீழே கைகூப்பும் படங்கள் இருபது.

நான் கைகூப்ப மாட்டேன். உண்மை நேர்மாறு. இந்தச் சொல்லில் பழைய ஒலியைக் காத்தவர்கள் கன்னடர், மாற்றியவர்கள் நாம்.

ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்காமல் வரிசையாகப் பாருங்கள். நம் செவி கன்னடத்தில் கிவி, துளுவில் கெபி, நீலகிரிக் கோத்தரிடம் கெவ். நம் சிறு கன்னடத்தில் கிரு. இகர எகரத்தோடு சேர்ந்த பழைய ககரம் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் சகரமானது. கிளி, கிணறு, கிழங்கு, கெடு போன்றவை தப்பித்தன. அடுத்து நிற்கும் ள, ண, ழ, ட பெரும்பாலும் அந்த மாற்றத்தைத் தடுத்துவிடும்.

கன்னடருக்குச் சகரம் வராது என்பீர்களா? அழகனைச் செலுவ என்றும், தங்கத்தைச் சின்ன என்றும் சொல்பவர்கள் அவர்கள்தானே!

இது உலகத்தில் புதிதுமில்லை. லத்தீனில் நூறு என்பது கெந்தும். இத்தாலியில் அது சென்தோ ஆயிற்று. சார்தீனியத் தீவில் இன்றும் கெந்து என்பார்கள். அதற்காகச் சார்தீனிய மொழியைக் கெட்டுப்போன இத்தாலியம் என்று சொன்னால் சிரிப்பார்கள். இரண்டும் லத்தீனின் பிள்ளைகள். நம் மொழிகளும் அப்படித்தான். என்ன, நம்முடைய தாய் எழுத்தில் கிடைக்கவில்லை. நம் திருநெல்வேலிச் சீமையில், இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் இம்மொழிகளை ஒரே குடும்பமாக வைத்து ஒப்பிலக்கணம் வெளியிட்டது 1856-ல். நாம் இன்னும் பங்காளிச் சண்டையில் இருக்கிறோம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பெங்களூரில் பிழைக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் 'உன் பேச்சு என் பேச்சின் எச்சம்' என்று சொல்லிவிட்டு அவர்கள் எப்படி அங்கே குடியிருப்பார்கள்? தமிழின் பெருமைக்குச் சங்கப் பாட்டு போதும். அடுத்தவர் சொல்லை மட்டம் தட்டி வரும் பெருமை நமக்கு வேண்டாம்.

செம்மை என்றால் சிவப்பு மட்டுமல்ல, நேர்மையும்தான். செங்கோல் என்பது அந்த அர்த்தத்தில் வந்ததுதானே? அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால், அனுப்புவதற்கு முன்னால் அந்தச் செம்மையையும் கொஞ்சம் நினையுங்கள், அண்ணாச்சி.