நினைச்சாலே நகரும் சக்கர நாற்காலி: செந்துறை ரோட்டுல ஓடுமா?

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. ஆனா ‘வெளியே போகணும்’ங்கிற நினைப்பு மூளையில ஓடிக்கிட்டேதான் இருக்கும். அந்த நினைப்பையே ஸ்டியரிங்கா மாத்துறதுதான் மூளை-கணினி இணைப்பு.

2007-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகர ஆய்வாளர்கள், கை கால் செயலிழந்த ஒருவரை கணினிக்குள் உருவாக்கிய தெருவில் உலவவிட்டார்கள். காலை அசைப்பதாக அவர் கற்பனை செய்தால், திரையில் அவர் முன்னே நகர்வார். கற்பனையை நிறுத்தினால் நின்றுவிடுவார்.

2022-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹோசே மில்லான் குழு இதை நிஜ நாற்காலியில் செய்து காட்டியது. ஆபரேஷன் கிடையாது, சிப் கிடையாது. தலையில் மின்முனைகள் பதித்த ஒரு தொப்பி, அவ்வளவுதான். (நம்ம டைம்லைன் முழுக்க நியூராலிங்க் மட்டும் ஓடியதால் இது பலர் கண்ணில் படவே இல்லை.) கைகளை அசைப்பதாக நினைத்தால் ஒரு பக்கம் திரும்பும், கால்களை நினைத்தால் மறுபக்கம். மாதக்கணக்கில் பயிற்சி. பங்கேற்ற மூவரில் ஒருவரின் துல்லியம் 95 சதவீதத்துக்கு ஏறியது. இன்னொருவருக்குப் பெரிதாக ஏறவில்லை. அதையும் சொல்லித்தான் ஆகணும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. மூளை சொல்வது ‘இடம், வலம்’ மட்டும்தான். எதிலும் மோதாமல் பார்த்துக்கொள்வது நாற்காலியின் சென்சார்கள். அவை ஓடிப் பழகியது கட்டில், தடுப்புகள் வைத்த மருத்துவமனை அறையில். தரை சமதளம்.

செந்துறை அப்படியா? சுண்ணாம்புக்கல் எடுக்கிற, சிமென்ட் ஆலைகள் நிறைந்த அரியலூர் மாவட்டம் இது. பாரம் ஏற்றிய லாரிகள் ஓடுற ரோட்டின் ஓரம் என்ன கதிக்கு ஆகும்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும். சென்னை ஐஐடி-யில் உருவான ‘நியோபோல்ட்’, சக்கர நாற்காலியோட இணைச்சு மேடு பள்ளத்திலும் ஓட்டலாம். நல்ல வேலை. ஆனா அதை ஓட்ட கை வேணும். அரசு தரும் பேட்டரி நாற்காலியின் ஜாய்ஸ்டிக்குக்கும் விரலாவது அசையணும். கழுத்தில் அடிபட்டவர் என்ன செய்வார்?

என் கருத்து இதுதான்: இந்தத் தொழில்நுட்பம் ‘ரெடி’ ஆகி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. செந்துறை பஸ் ஸ்டாண்டிலிருந்து தாலுகா ஆபீஸ் வரைக்கும் உள்ள ரோட்டைப் படம்பிடிச்சு, அப்படியே ஒரு மெய்நிகர் தெருவா மாத்துங்க. அதுல கவிழ்ந்தா யாருக்கும் அடிபடாது. ஓட்டுறவரும் பழகுவார், சென்சாரும் குழியைக் குழின்னு கத்துக்கும். அந்த ஓட்டத்தில் நாற்காலி எங்கெல்லாம் சிக்குதோ, அந்த இடங்களின் பட்டியலை நெடுஞ்சாலைத் துறையிடம் கொடுங்க.

கேமராவோட வர்றவங்க மட்டும் கோடையில வராதீங்க. ஐப்பசி மழை பெய்ஞ்ச மறுநாள் வாங்க.