வெயிலும் மழையும் உங்க கையில இல்லைங்க

முருங்கையில இந்த வருசமும் பூ கொட்டிப் போச்சு. பூ நல்லா வச்சிருந்த நேரத்துல மூணு நாள் மழை. நாலாம் நாள் போய்ப் பார்த்தா மரத்தடி பூராவும் வெள்ளையாக் கிடக்குது. சித்திரையில தக்காளிக்கு நேர் எதிர் அடி. வெயில் 38 டிகிரியைத் தாண்டுச்சு, பூ வந்தும் பிஞ்சு பிடிக்கலை.

இதைச் சொல்லிப் புலம்பினா உடனே ஒருத்தர் வந்துடுறார். "பசுமைக்குடில் போடுங்கண்ணா, மானியம் இருக்கு. வெயில், மழை ரெண்டும் உங்க கையில."

எங்க சித்தப்பா அதை நம்பிப் போட்டார். ரெண்டாவது ஆடியில ஷீட்டு கிழிஞ்சு பக்கத்துத் தென்னையில தொங்குச்சு. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்தை நம்பித்தான் இந்தப் பக்கம் காத்தாடி நட்டு கரண்டு எடுக்குறாங்க. அதே காத்துல பிளாஸ்டிக் கூடாரம் நிக்கும்னு விக்கிறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! இப்ப கம்பி மட்டும் நிக்குது, சித்தி துணி காயப்போடுறாங்க. கடனும் அப்படியேதான் நிக்குது.

பெரிய ஆட்களும் இதுல தப்பலை. செயற்கை மழைன்னு நம்ம மாநிலத்துலயே 1980-கள்ல விமானத்தை விட்டுப் பார்த்தாங்க. சில்வர் அயோடைடு, உப்பு எதைத் தூவினாலும் ஏற்கெனவே ஈரமுள்ள மேகம் இருந்தாத்தான் வேலை செய்யும். பஞ்ச காலத்துல மேகத்துக்கு எங்க போறது? அமெரிக்காக்காரன் புயலோட பலத்தைக் குறைக்கிறேன்னு 1962-ல ஆரம்பிச்சு, 1983-ல திட்டத்தையே மூடிட்டான். 2018 நவம்பர்ல கஜா வந்தப்ப பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில சாஞ்சதை நாம பார்த்தோமே.

நானும் யோக்கியன் இல்லைங்க. மழை பொய்ச்சா என்ன, பூமிக்குள்ள தண்ணி இருக்குன்னு 900 அடி போர் போட்டவன்தான். ஆறு மாசம் தண்ணி வந்துச்சு, அப்புறம் புகைதான் வந்துச்சு. வானத்தை ஏமாத்தப் போய், என் பேரனுக்குச் சேர வேண்டிய தண்ணியையும் சேர்த்து உறிஞ்சிட்டேன்.

"அப்போ கையைக் கட்டிட்டு உட்காரச் சொல்றியா?"ன்னு கேப்பீங்க. அப்படிச் சொல்லலை. வானத்தை மாத்த முடியாது, தோட்டத்தை மாத்தலாம்னுதான் சொல்றேன். மேட்டுல விழுற மழையைப் பண்ணைக்குட்டையில நிறுத்துங்க. சருகை எரிக்காம மூடாக்குப் போடுங்க, வெயில்ல மண்ணு வேகாது. மேக்கால கிளுவை வேலி வச்சா காத்து வேகம் குறையும். ஒரே பயிரை நம்பாதீங்க. முருங்கை போனா துவரையாவது வீடு வரும். செவ்வாயும் வெள்ளியும் வர்ற வானிலை ஆலோசனையைப் படிச்சுட்டு மருந்தடிங்க, மழையில கழுவிட்டுப் போகாது.

இதை எல்லாம் செஞ்சாலும் சில வருசம் பூ கொட்டத்தான் செய்யும். ஆனா குடும்பம் கவுந்து போகாது.

கூடாரம் போடச் சொல்லி நடையா நடக்குறவங்க கிளுவைப் போத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசுறதில்லை, கவனிச்சீங்களா? ஏன்னா, அதுல அவங்களுக்கு விக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லை.